பட்டியலில் இல்லாத கழுதை

ஆட்டம் தொடங்கி மூன்றாம் ஆண்டு
நான் போய்ச் சேர்ந்தேன்.
டுலூத்தில் அப்போது துறைமுகம் உறைந்து
தாதுக் கப்பல்கள் கட்டிக் கிடந்தன.
லைலின் வீட்டு நிலவறையில் ஒரு கொதிகலன், ஒரு மேசை,
மேசைமேல் யாரும் போயிராத நாட்டின் வரைபடம்.

க்ரெட்சன் தன் எல்ஃப் பெண்ணுக்குப்
பதினொரு பக்கம் எழுதிவைத்திருந்தாள்:
செத்த தம்பி, எரிந்த நூலகம்,
இடக்கையால் மட்டுமே உண்ணும் விரதம்.
வென்டலின் கள்வனுக்கு மூன்று பொய்ப் பெயர்கள்,
மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து.

எனக்கு என்ன இருந்தது?
கப்பலடியில் பற்றவைத்துச் சிவந்த கண்,
கையுறைக்குள் இன்னும் விறைத்த விரல்.
எழுத நேரமில்லை என்றேன்.
பரவாயில்லை என்று லைல்
பெட்டிக்குள்ளிருந்து ஒரு தாளை நீட்டினான்.

குள்ளன். கோடரி. வலிமை பதினாறு.
பெயர்கூட அச்சில்: ஆர்ன் கல்தாடி.
எத்தனை பெட்டி விற்றதோ அத்தனை ஆர்ன்கள்.
இந்நேரம் எந்தெந்த நிலவறையில்
எந்தெந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறானோ.
கடையில் தொங்கும் சட்டை:
எவருக்கும் பொருந்தும், எவர் தோளையும் அறியாது.

போட்டுக்கொண்டேன்.

சில வாரங்கள் கதவு உடைத்தேன்.
கோடரி அதற்குத்தானே.
எல்ஃப் பேசும்போதெல்லாம்
அவள் தம்பிக்காக எல்லோரும் தலைகுனிந்தோம்.
குள்ளனுக்கு அம்மா உண்டா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், பேசும் கதவொன்றின் புதிரில் சிக்கி
அவர்கள் ஒரு மணிநேரம் வாதாடியபோது
தாளைச் சும்மா வெளிச்சத்தில் பிடித்தேன்.
உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் அழித்து அழித்துக்
காகிதம் வெங்காயத் தோலாய் மெலிந்திருந்தது.
தீப்பந்தம் ஆறு, கயிறு ஐம்பதடி, ஒரு வாரத்து உணவு.
அச்சு அங்கே முடிந்தது.
அதன்கீழ் பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
மஞ்சள் மணி ஒன்று, கழுதைக்கு.

"கழுதை எங்கே?" என்றேன்.

வாதம் நின்றது. கொதிகலன் மட்டும் முணுமுணுத்தது.
"டோரீன் வாங்கினாள்," என்றான் லைல்.
"ஃபார்கோவுக்குப் போய்விட்டாள்."
"கழுதையுமா?"
"இல்லை. ஒரு பாலத்தருகே கட்டிவிட்டு
அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தினோம்.
அடுத்த வாரம் அவள் வரவில்லை."

இரண்டு வருஷம்.
கயிறு எட்டும் வட்டத்தில்
புல் எப்போதோ தீர்ந்திருக்கும்.

திரும்பிப் போகலாம் என்றேன்.
நகரம் முற்றுகையில் இருக்கிறது என்றார்கள்.
ராணி காத்திருக்கிறாள் என்றார்கள்.
ராணிக்கு ஆள் இருக்கிறது என்றேன்.
அதைச் சொன்னது நானா ஆர்னா,
இன்றுவரை தெரியாது.

நான்கு நாள் பயணம்;
எங்கள் கணக்கில் ஒரு சனிக்கிழமை, இரண்டு பீட்சா.
வரைபடத்தில் இல்லாத அந்தப் பாலத்தை
லைல் எங்கள் கண்முன்னே வரைந்தான்.

பாலத்தில் க்ரெட்சனின் எல்ஃப் செத்தாள்.
பகைவன் இல்லை, சாபம் இல்லை.
நனைந்த பலகை, பகடையில் ஒன்று.
பதினொரு பக்கத்தில்
நாங்கள் கேட்டிருந்தது ஆறுதான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி,
ஆறிப்போன துண்டொன்றை இடக்கையால் எடுத்துத் தின்றாள்.
பிறகு பெட்டியைத் தன்பக்கம் இழுத்து
"என்ன மிச்சமிருக்கிறது?" என்றாள்.

லைல் திரைக்குப் பின்னால் எதையோ உருட்டினான்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
"பனிமூட்டம். அக்கரை தெரியவில்லை.
மணியை அடித்துப் பார்."

மேசையில் மணி எது?
வென்டல் தன் வண்டிச் சாவிகளைக் கழற்றி
விளக்கடியில் மெல்லக் குலுக்கினான்.
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
இன்னும் பெயர் எடுக்காத க்ரெட்சனும்.