பலகைக்குப் பத்துப் புள்ளி

டுலூத் நகரத்தில் ஜனவரி என்பது
கதவைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்.
லைஃப் வீட்டு நிலவறையில்
துணி உலர்த்தும் எந்திரத்தின் சூட்டில் முதுகு சாய்த்து
நாலு பேர், ஒரே டிவி.
நாலாகப் பிளந்த திரையில்
கீழே இடது மூலை என்னுடையது:
அஞ்சலட்டை அளவுக்கு ஒரு நரகம்.

பிணங்கள் ஜன்னல் வழியாகத்தான் வரும்.
ஜன்னலுக்கு ஆறு பலகை.
அவை பிய்க்கப் பிய்க்க நாங்கள் அடிப்போம்.
பலகைக்குப் பத்துப் புள்ளி,
புள்ளி சேர்ந்தால் துப்பாக்கி,
துப்பாக்கி இருந்தால் இன்னும் ஒரு சுற்று.

ஜெயிக்க வழியே கிடையாது அதில்.
செய்தவர்கள் மறந்தார்களோ
வேண்டாமென்றே விட்டார்களோ.
சுற்று ஏறும், கூட்டம் ஏறும்,
கடைசியில் எல்லோரும் சாவோம்.
எத்தனை நேரம் சேர்ந்து சாகாமல் இருந்தோம் என்று
திரை ஓர் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான்.

காரிக் கஞ்சன், தோட்டாவை எண்ணிச் சுடுவான்.
டெலியா முப்பது பிணங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு
முற்றத்தைச் சுற்றுவாள்,
கூலிக்கு நாய் நடத்துகிறவள் மாதிரி, கொட்டாவியோடு.
விழுவது நான்.
எப்போதும் நான்.

"விழுந்துட்டேன்."
"எங்கே?"
"மாடிப்படி."
"மறுபடியுமா!"
திட்டிக்கொண்டேதான் வருவான் லைஃப்.
திட்டாமல் வந்ததில்லை,
வராமல் இருந்ததும் இல்லை.
என்னை எழுப்ப அவன் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் மூன்று நொடியும்
அவன் முதுகு திறந்து கிடக்கும்.
அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருமுறை முப்பத்தோராம் சுற்று.
விடிந்தால் பள்ளிக்கூடம். நிறுத்தி வைத்தோம்.
"அணைக்காதீர்கள், உயிர்ப் பிரச்சினை"
என்று சீட்டெழுதி ஒட்டினோம்.
சாயங்காலம் பனியில் வழுக்கி ஓடிவந்தால்
அவன் அம்மா வாக்குவம் போட்டிருந்தார்,
எங்கள் பிளக்கைப் பிடுங்கி.
சீட்டை மட்டும் தூசி தட்டி
அதே இடத்தில் ஒட்டியிருந்தார்.

முப்பத்திரண்டை நாங்கள் பார்த்ததே இல்லை.

பிறகு காரிக் தாதுக் கப்பலில் ஏறினான்.
டெலியா ஃபார்கோவில் பல் பிடுங்குகிறாள்.
எனக்கு வங்கியில் கடன் பிரிவு.
புதிய ஆட்டங்கள் வந்தன. படம் அபாரம்.
உலகத்தில் யாரோடும் ஆடலாமாம்.
யாரோடும் என்பதுதான் கோளாறு.
ஏழாம் சுற்றில் விழுந்தேன்;
சாண்டியாகோவிலிருந்து ஒருவன்
என்னைத் தாண்டிக் குதித்துப் போனான்.

போன அக்டோபரில் ஏரி எழுந்து தெருவுக்கு வந்தது.
லைஃப் வீட்டின் முன்பக்க ஜன்னல் மூன்றும் போயின.
மனைவி போய் அப்போது ஐந்து வாரம்.
இரவு ஒன்றரைக்கு நாலு பேருக்குமான பழைய குழுவில்
ஒற்றைச் சொல் வந்தது:
விழுந்துட்டேன்.

யாரும் எங்கே என்று கேட்கவில்லை.
மறுபடியுமா என்று தட்டியது நான்தான்,
காலணியை மாட்டிக்கொண்டே.

டெலியா நாலு மணி நேரம் ஓட்டி வந்தாள்.
காரிக் ஆணிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தான்.
மழை பக்கவாட்டில் அடித்தது,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நாலாவது பலகையை நான் அறைந்தபோது
யாரோ முணுமுணுத்தது கேட்டது:
"பத்து."

உள்ளே இருட்டில், கடைசி இடுக்கில்,
லைஃபின் ஒரு கண் தெரிந்தது.
"முட்டாள்களா," என்றான்,
"வெளியே நின்று அடிக்கிறீர்களே,
பிணங்கள் வருவது அந்தப் பக்கம்."