சிவப்பு அம்பு

கேட்டில் சையத் பாய் கேட்டார்: பேர்?
ஷூ, என்றாள்.
அது தெரியும்மா, இங்க எல்லாமே ஷூதான், உன் பேர் என்ன?
ஷூ, என்றாள் மறுபடி.
துத்திப்பட்டு ரோடு முழுக்க அன்று அதுதான் சிரிப்பு.

புது மெஷின் மாட்ட வந்த
இரண்டு சீனாக்காரர்களுக்குப் பேசித் தர வந்தவள்.
ஷூ மின்யா. இருபத்திரண்டு வயது.
எங்கள் ட்ரிம்மிங் பிள்ளைகளின் உயரம்கூட இல்லை.

எனக்கு ஃபைனல் செக்கிங்.
குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.
தையல் அரை மில்லி விலகினாலும்
விரல் சொல்லிவிடும், கண் அப்புறம்தான்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கிழித்து ஒட்டுவேன்.
அம்பு காட்டும் இடத்தில் குற்றம்.

அதனால்தான் கவனித்தேன்,
தரையில் அடித்திருந்த மஞ்சள் கோட்டை விட்டு
அவள் கால் ஒருநாளும் இறங்கவில்லை.
கீழே பார்க்கவும் இல்லை.
மூலை வந்தால் நுனிவிரலில் திரும்பினாள்.
இடது கணுக்காலில் மட்டும்
சின்னதாக ஒரு சத்தம்.

நாற்பது நாள் மதியச் சாப்பாட்டில்
துண்டு துண்டாகக் கிடைத்தது மீதி.
அஞ்சு வயதில் பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து
பிள்ளைகளைக் கம்பியில் தொங்கவிட்டார்களாம்.
மற்றதுகள் அழுது விழுந்தன.
விழலாம் என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை.
தொங்கினாள்.
அப்படியே பதினாலு வருஷம்.

போனில் வீடியோ இருந்தது, ஒரு நிமிஷம் இருபது விநாடி.
ஒன்பதாம் சைஸ் ஷூவின் அகலத்தில் ஒரு கட்டை,
அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு
பின்பக்கம் சுழன்று, சுழன்று,
நின்றது.
மாகாணத்தில் முதல், நாட்டில் நாலாவது.
நாலாவதுக்கு என்ன தருவார்கள், என்றேன்.
அடுத்த வருஷம், என்றாள்.

அடுத்த வருஷம் கணுக்கால்.
அதற்கடுத்த வருஷம் அதே கணுக்கால்.
பத்தொன்பதில் ஒரு பூங்கொத்து, ஒரு கையெழுத்து,
ஷூ மெஷின் கம்பெனியில் வேலை.
அதுவரைக்கும் வெறுங்கால்தான், என்று சொல்லி
அவளே சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

மெஷின் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம்
பஸ்ஸுக்கு நிற்கிறோம்.
கல்வெர்ட்டுக்குக் கீழே டேனரித் தண்ணீர்
நீலமாக நாறிக்கொண்டிருந்தது.
பையை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி
ஜோடியாக வைத்தாள், லெஃப்ட், ரைட்.
சுவர்மேல் ஏறிவிட்டாள்.
கட்டிங் நஸ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்,
ஒரு தோல் லாரி வேகம் குறைத்தது.
ஒற்றைக்காலில் முழுச்சுற்று,
இன்னொரு கால் காதோரம்.
சுவர் முடிகிற இடத்துக்கு வந்தாள்.
வீடியோவில் அங்கேதான் இரண்டு கரணம் போட்டு இறங்குவாள்.
காத்திருந்தோம்.

என் பக்கம் கையை நீட்டினாள்.
ஏணியில் இறங்கும் குழந்தை மாதிரி
பார்த்துப் பார்த்து இறங்கினாள்.
உள்ளங்கையெல்லாம் காய்ப்பு,
மூணு வருஷமாகியும் போகாதது.

எத்தனை, என்று கேட்டாள்.
அந்த மார்க் கணக்கு எனக்குத் தெரியாது.
பாஸ், என்றேன்,
எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் ஒன்று.
அவள் என் ஏப்ரன் பைக்குள் கைவிட்டு
சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்து
இடது கணுக்காலில் ஒட்டிக்கொண்டாள்.

ஏழு பத்து வண்டி பேரணாம்பட்டிலிருந்தே நிரம்பி வந்தது.
பாலாற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவில்
மொத்த பஸ்ஸும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்தோம்.
அவள் கம்பியைப் பிடிக்கவில்லை.