நான்கு விரல் இடம்

சிமெண்டு மூட்டையை உதறி உதறி
உள்தாளைப் பிரித்தெடுத்தாளாம் அகனேதா.
ஐந்து அடுக்கில் நடுவில் இருப்பதுதான் சுத்தம்.
கரகந்தா. ஏழாம் கொட்டடி.
விளக்குக் கரியைப் பீட்ரூட் சாற்றில் குழைத்த மை,
ஈரத்தில் சிவப்பு, காய்ந்தால் பழுப்பு.

புத்தகங்களை முதல் சோதனையிலேயே
எடுத்துப் போய்விட்டார்கள்.
மிஞ்சியதெல்லாம்
முப்பத்தாறு பெண்களின் தலைக்குள் கிடந்தது.
ஒருத்திக்கு மலைப்பிரசங்கம், பாதி.
ஒருத்திக்கு அதிகார எண், வசன எண், உள்ளே ஒன்றுமில்லை.
ஒருத்திக்கு யோபுவின் நண்பர்கள் சொன்னதெல்லாம் மனப்பாடம்;
யோபு சொன்னது மறந்துவிட்டது.

பகலெல்லாம் நிலக்கரி வண்டி தள்ளிய கை
இரவில் எழுதியது.

மேய்ப்பனின் சங்கீதத்துக்கு வந்தபோது
எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.
புல் வந்தது. தண்ணீர் வந்தது.
இருட்டுப் பள்ளத்தாக்கு வந்தது,
அதற்கு யாரும் யோசிக்கவே இல்லை.
கோலும் தடியும் வந்தன.
அப்புறம்
ஒருத்திக்கும் வரவில்லை.

முப்பத்தாறு பேர்.
தொட்டிலிலிருந்தே சொன்ன சங்கீதம்.
முடிவு தெரியும், வீடு என்று முடியும்.
நடுவில் ஏதோ ஒன்று கழன்று விழுந்திருந்தது.
ஊகித்து எழுதிவிடு என்றாள் ஒருத்தி.
"அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க மாட்டேன்"
என்று தாளில் நான்கு விரலை வைத்து அளந்து
அந்த இடத்தைச் சும்மா விட்டாள் அகனேதா.

பிள்ளை குட்டி இல்லை அவளுக்கு.
நாற்பத்து நான்கு மார்ச்சில்
சுரங்கக் கூரை இறங்கியது.
பக்கத்துப் பலகையில் படுத்த என் அம்மாவுக்கு
அப்போது பதினாறு வயசு. நோட்டு அவளிடம் வந்தது.
பதினொரு பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்,
வெற்றிடத்தையும் சேர்த்து,
அவரவர் விரலால் அளந்து.
தடித்த கைக்காரிகளின் பிரதியில்
மௌனம் கொஞ்சம் நீளம்.

அச்சிட்ட புத்தகம் ஒன்று
சூரியகாந்தி விதை மூட்டைக்குள் வந்து சேர
இன்னும் இருபத்தைந்து வருஷம்.
எனக்கு ஏழு வயசு, நான் பார்த்தேன்.
அம்மா நேராக அந்த இடத்தைத் தேடிப் போனாள்.
பந்தி.
பகைவர் பார்த்திருக்க விரித்து வைத்த பந்தி,
நிரம்பி வழியும் கிண்ணம்.
அழுதாள் என்று அத்தைகள் சொல்வார்கள். அழவில்லை.
புத்தகத்தை மூடிவிட்டு
உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள்.
அன்றைக்குத் தோலைத் தடிப்பாகச் சீவினாள்,
பசியே அறியாதவள்போல.

அதற்குப் பிறகு முழுசாகத்தான் சொன்னாள் சங்கீதத்தை.
ஆனால் அந்த இடத்தில் நின்று,
நான்கு விரல் நேரம் நின்று,
அப்புறம்தான் பந்தி.

இப்போது டெட்மோல்ட்.
இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல்.
நான் கடைசி வரிசையில் உட்காருகிறவள்.
விசுவாசி என்று கேட்டால்
ஆமாம் சொல்ல நேரமாகும் எனக்கு.
நோட்டு என் அலமாரியில் இருக்கிறது;
யாரிடமும் கொடுக்கவில்லை,
கேட்கவும் யாருமில்லை.

அறுவடைத் திருநாள் ஆராதனையில்
ஒரு பையன் முன்னால் வந்து நின்றான்.
டீலோ வீபே, ஒன்பது வயசு, ஓம்ஸ்க்கிலிருந்து வந்த குடும்பம்.
எனக்குப் பழக்கமில்லை.
புல், தண்ணீர், பள்ளத்தாக்கு,
கோல், தடி
என்று கடகடவென்று வந்தவன் நின்றான்.

மறந்துவிட்டான் என்று நினைத்து
"பந்தி" என்று கிசுகிசுத்தார் பிரிங்க்மான் அம்மையார்.
இல்லை என்று தலையசைத்தான்.
கால்சட்டையின் மேல் விரல்களை
ஒவ்வொன்றாக அழுத்தினான்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் என் கையும் பலகையை அழுத்தியிருந்தது.

காப்பி வேளையில் அவன் தாயிடம் போனேன்.
"உங்களுடையது எந்தக் கொட்டடி?"
அவளுக்குப் புரியவில்லை.
"எங்கள் வீட்டில் அந்த இடத்தில் மூச்சு விடுவோம்,
அவ்வளவுதான். ஏன், தப்பா?"

தப்பில்லை என்றேன்.
அகனேதா என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
பையன் மேசையோரம் நின்று
பிளம்ஸ் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.
பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.