ஆறடி ஆறங்குலத்துக்கு ஓர் உறை

தூண்டில் கோலுக்குச் சட்டை தைக்கச் சொல்லி
பீடோரில் யாரும் என்னிடம் வந்ததில்லை,
தனசீலன் வரும்வரை.

செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடுகிறவர்.
கையெல்லாம் முள் கிழித்த தழும்பு,
மோட்டார் டாங்கியில் ஆழமாய் ஒரு நெளிசல்.
எதையும் மூடிவைத்த ஆளில்லை.
ஆனால் கோலை என் மேசையில் கிடத்துமுன்
"அக்கா, அந்தக் கத்திரிய
கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார்.

அளவெடுத்தேன்.
தோள் இல்லை, இடுப்பு இல்லை.
அடியில் தடித்து நுனியில்
ஊதுவத்திக் குச்சியாய் மெலியும் உடம்பு.
வழியெல்லாம் எட்டு வளையம்.

ஜீன்ஸ் வேணாம், மணலைப் பிடிச்சு வச்சுக்கும்,
மணல்தான் அரம்.
சிப் வேணாம், அதோட பல்லு கடிக்கும்.
ஈரம் தங்கக் கூடாது. இறுக்கவும் கூடாது.
ரீலுக்குத் தனிப் பை.
கல்யாணப் பெண்கள்கூட
ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு சொன்னதில்லை.

கபடி அணிக்குத் தைத்ததில் மிஞ்சிய
நீல ஜெர்சித் துணி இருந்தது.
ரீலுக்கு, பிள்ளைக்குச் சுற்றும் பிளானல்.
பன்னிரண்டு வெள்ளி கேட்டேன்.
பதினைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு விடியலில்
ஈயக் குட்டைக்குப் போகிற செம்மண் பாதையில் விழுந்தார்.
குறுக்கே வந்தது காட்டுப்பன்றியா உடும்பா,
ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை.
தோள் எலும்பு இரண்டு துண்டு.
தாப்பா மருத்துவமனையில் கண் விழித்ததும்
கேட்டது ஒரே சொல்: "கோல்?"

செவ்வாய்க்கிழமை தவமலர் வந்தாள்
கிழிந்த உறையும் முழுசான கோலுமாக.
"இந்த மனுசனுக்கும் ஒன்னு தச்சுக் குடுங்களேன்"
என்று சிரித்தாள்.
பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாளரத்தோரம் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
என் தையலுக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.
சும்மா இருந்திருக்கலாம்.
கையில் இருந்த பஞ்சைத் திரித்து
வளையங்களுக்குள் ஒவ்வொன்றாய் விட்டு இழுத்தேன்.
மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால்
ஊசித் தட்டை அப்படித்தான் சோதிப்போம்:
கண்ணுக்குத் தெரியாத பிசிறைப்
பஞ்சு காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது வளையத்தில் பஞ்சு நின்றது.

"விழுந்ததில் தெறித்திருக்கும்" என்றேன்.
தவமலர் தலையாட்டினாள், இல்லையென்று.
"நான் எறிஞ்சது.
தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு சண்டையில.
சுவத்துல பட்டுச்சு.
எடுத்துத் தொடச்சுப் பாத்தாரு. ஒன்னுமே சொல்லல."

அதற்குப் பிறகு பெரிய மீன் எதுவும் கரை ஏறவில்லையாம்.
தோமான் கடிக்கும், இழுக்கும்,
பாதியில் நூல் அறுந்துபோகும்.
நூல் சரியில்லையென்று
ஆ கியோங் கடையில் மூன்று தரம் மாற்றியாயிற்று.

நான் அளவுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கோல், 6 அடி 6. நீலம்.
தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு.
பலகாரம் சுடாமல் தைத்தது ஞாபகம் வந்தது.
புத்தகத்தை மூடிவிட்டேன்.
அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் தீர்ந்துபோச்சு. கறுப்புதான் இருக்கு."
"கறுப்பு வேணாம்" என்றாள் உடனே.
அலமாரியைத் தானே துழாவி
ஒரு மஞ்சள் துணியை உருவினாள்.
"இது அழுக்குத் தாங்காதே?"
"தொவைச்சுக்கலாம்."

வளையம் மாற்ற
ஆ கியோங்கிடம் இப்போதே போகிறேன் என்று எழுந்தாள்.
கடை வாசல் குறுகல்.
குழந்தை வண்டியே இரண்டு தரம் இடித்துத்தான் வெளியேறும்.
கோலை இரண்டு கையிலும் ஏந்தி,
நுனி முன்னால் போக,
நிலைப்படியில் நின்று மேலே பார்த்து,
தேவையே இல்லாமல் குனிந்து,
எங்கும் படாமல்
வெயிலுக்குள் இறங்கினாள்.