ஹெல்மெட்டுக்குள்

வடித்த கஞ்சியில் அரப்புத்தூள் கரைத்துத்
தேய்த்த முதல் ஞாயிறே
பாத்ரூம் குழாய் அடைத்துக்கொண்டது.
தண்டையார்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழ்வீட்டு ஸ்டெல்லா மூங்கில் குச்சியோடு ஏறி வந்து
"இது தலைக்கா, தரைக்கா?" என்றார்.

மீரான் பாய் கடை வாசலில்
சரம்சரமாய் ஷாம்பு பாக்கெட்டுகள்.
நான் கடக்கும்போதெல்லாம்
லேசாக ஆடின.
காற்றுதான்.

இரண்டாம் வாரம் தலை
வடை சுட்ட சட்டி.
மூன்றாம் வாரம் கண்ணில் தூள்.
பக்கத்து நாற்காலி பிரிசில்லா
மூக்கைச் சுளிக்காமலிருக்கப் பட்ட பாடு
எனக்குத் தெரியாமலில்லை.

போர் தண்ணீர் உப்பு, அதில் எதுவும் அலசாது.
லாரித் தண்ணீர் நாலு குடத்தில்
இரண்டு தலைக்கே போயிற்று.
இயற்கைக்கு இத்தனை குடமா?
கேட்டதும் நான்தான்.
பதில் சொல்லவில்லை.

முடி நீளவில்லை. மின்னவுமில்லை.
உதிர்வது உதிர்கிறது,
நேற்று சீப்பில் பதினேழு.

இன்று காலை எர்ணாவூர் பாலத்தடியில்
முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி,
மணலிப் பக்கமிருந்து அந்த கேஸ் வாடை,
சிக்னல் சிவப்பிலேயே நின்றது.
கண்ணாடியை இறக்கினேன்.

உள்ளே
புளித்த கஞ்சி, பச்சிலைக் கசப்பு,
கொஞ்சம் வேர்வை.
எந்தக் கம்பெனியும் பேர் வைக்காத
என் தலை.

பச்சை விழுந்துவிட்டது போல,
பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்துகிறார்.
இருங்க அண்ணே,
இன்னும் ஒரு மூச்சு.