வணிக மதிப்பு: ஏதுமில்லை

செவ்வாய்க்கிழமைகளில் பட்டியல் எழுதுவது என் வேலை.
ட்ரோன்ட்ஹெய்ம் துறைமுகத்தின் பின்புறம்
மீன்பெட்டி அடுக்கியிருந்த பழைய கிடங்கு;
எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை.
ஊன்றுகோல் நாற்பத்தொரு ஜோடி.
நடைச்சட்டம் பதினேழு.
சக்கர நாற்காலி இருபத்தொன்பது.
சுங்கத்துக்காகக் கடைசிக் கட்டத்தில்
எப்போதும் அதே வரி:
பயன்படுத்தியவை. வணிக மதிப்பு: ஏதுமில்லை.

ஓட்வார் டிராம் பணிமனையில் ஓய்வு பெற்றவர்.
நாற்காலியைத் தலைகீழாய்க் கவிழ்த்து
சக்கரத்தைச் சுழலவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.
"இந்த ஆளுக்கு இடது கையில்தான் வலு."
"இவள் நிலைப்படியில் இடித்து இடித்தே
உள்ளே போயிருக்கிறாள்."
இருக்கை மடிப்பில் அகப்படுவதை எல்லாம்
ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைக்கிறோம்:
பொத்தான், காது மெஷின் பேட்டரி,
முனை வளைந்த பின்னல் ஊசி,
யாரோ ஒளித்துவைத்துத் தின்ன மறந்த மிட்டாய்.
கேட்டு ஒருவரும் வருவதில்லை.
கொட்டிவிடவும் மனம் வருவதில்லை.

இருபத்தொன்பதில் ஒன்று சிக்பியோர்னுடையது.
ஓட்வாருக்குத் தெரியும்,
மற்றவர்களிடம் சொல்லவில்லை.
ஆறு குளிர்காலம் அதில் உட்கார்ந்து
உறைந்த தெருவில் தானே போய்
நாளிதழ் வாங்கி வந்த மனிதர் அவர்.
டயர் முழுக்க இரும்பு முள்.
கூடத்துத் தரையெல்லாம் புள்ளி புள்ளியாய்க் கீறல்.
அந்தக் கீறலுக்காக நான் போட்ட சண்டைகள்
இப்போது மிகவும் சின்னதாகத் தெரிகின்றன,
அப்போது அப்படி இல்லை.

"மலாவியில் ஏது பனி?
முள்ளைப் பிடுங்கிவிடு" என்றார் ஓட்வார்.
குறடு எடுத்தேன்.
வலது சக்கரத்தில் ஏழு பிடுங்கினேன்.
எட்டாவதில் கை நின்றுவிட்டது.
ஏழையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
ஆயிற்று என்று பொய் சொன்னேன்.
அன்றைய பட்டியலில் ஒரு வரி மட்டும்
கோணலாய் இறங்கியிருக்கும்.

பதினோரு வாரம் கடல்.
பிறகு லாரி.
பிறகு சத்தமே இல்லை.

ஸோம்பாவிலிருந்து கடிதம் வந்தபோது
அங்கே மழைக்காலம் பாதி.
எழுதியவர் லொஞ்ஜெஸோ, சைக்கிள் பழுது பார்ப்பவர்.
நன்றி, முதல் வரியோடு சரி.
அப்புறம் கணக்கு:

உங்கள் இருபத்தொன்பதில் பதினொன்று
மருத்துவமனைக்குப் பின்னால் புல்லில் கிடக்கின்றன.
முன்சக்கரம் இரண்டு விரல் அகலம்,
எங்கள் மணலில் புதைகிறது.
அந்த அளவில் டியூப் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.
அனுப்புவதற்கு முன் எங்கள் சாலையில்
ஒருமுறை மனதால் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்வார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டினார். மறுபடி துடைத்தார்.
கிடங்கில் யாரோ அட்டைப்பெட்டிக்கு
நாடா ஒட்டுவதை நிறுத்தினார்கள்.

கடிதம் முடியவில்லை.

ஆனால் அந்த முள் வைத்த டயர்,
அதைக் கண்டுபிடித்தவர் யார்?
செம்மண் ஏற்றத்தில், கொட்டும் மழையில்
வழுக்காமல் ஏறுவது அது ஒன்றுதான்.
ஃபைனெஸி அதில் போய் மந்தாசி விற்கிறாள்.
இருக்கை அவளைப்போல் இரண்டு பேருக்கு என்பதால்
இடுப்பின் ஒருபக்கம் சிதேஞ்சே துணியைச் சுருட்டிச் செருகி
மறுபக்கம் கூடையை இறக்கிக்கொள்கிறாள்.
சந்தையின் சிமெண்ட் தரையைக் கீறுகிறாள் என்று
பக்கத்துக் கடைக்காரியோடு
அன்றாடம் ஒரு சண்டை.
வலது சக்கரத்தில் ஏழு முள் குறைகிறது.
இருந்தால் அனுப்பவும்.

கோட்டுப் பைக்குள் கை போனது.
குளிர்காலம் முழுக்க
சாவி தேடும்போதெல்லாம் விரலைக் குத்தியவை.
மேசைமேல் வைத்தேன்.
ஓட்வார் எண்ணினார்.
"எல்லாம் பிடுங்கியாயிற்று என்றாயே" என்றார்,
பதிலுக்குக் காத்திராமல்
அகலச் சக்கரம் யார் செய்கிறார்கள் என்று விசாரிக்க
தொலைபேசியை எடுத்தார்.

நான் புதுப் படிவம் ஒன்றை இழுத்துக்கொண்டேன்.
இரும்பு முள், ஏழு.
பயன்படுத்தியவை.
அடுத்த கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை உதறினேன், மை இருந்தது.
சுங்கத்துக்காரர் கேட்டால் கேட்கட்டும் என்று
அந்தக் கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டேன்.