அரைக் கிராம்

ஊமல் பொறுக்கக் காசு வேண்டாம்.
பூரானைத் தோண்டித் தின்றுவிட்டு
வேலியோரம் எறிந்த பாதிகள்
மூன்று உரப்பை சேர்ந்தன.
பிஸ்கற் தகரத்தில் இறுக்கி அடைத்து
மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை.
புகை முதலில் மஞ்சள்,
பிறகு நீலம்,
பிறகு இல்லை.
அப்போது இறக்கவேண்டும்.
இதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
மூன்று தகரம் சாம்பலாகித்தான் தெரிந்தது.

ஆய்வுகூடத்து அரிதட்டு கிழிந்துவிட
வீட்டிலிருந்து மா அரிதட்டைக் கொண்டுவந்தேன்.
இனி அது பிட்டுக்கு ஆகாது.

ஒரு கிராம் கரி.
அதன் பொந்துகளையெல்லாம் பிரித்து விரித்தால்
இரண்டு பரப்பு வரும் என்கிறது கணக்கு.
இரண்டு பரப்பு!
உறுதி இல்லை, பெர்மிற் இல்லை,
எல்லைக்கல்லை இரவில் நகர்த்த
ஒருவரும் வரவில்லை.
உள்ளங்கையில் வைத்து ஊதினால்
காணி பறக்கும்.

விசுவமடுவில் அற்புதநாதனின் கிணறு.
கிணற்றடிக்கு இருபது அடியில் அவருடைய கொட்டில்.
பழைய பற்றரிகளைக் கோடரியால் பிளந்து
அசிற்றை மண்ணில் கவிழ்த்துவிட்டு
தட்டுகளை நிறுத்து விற்கிறார்.
நிலத்தில் அந்த இடத்தில் மட்டும் புல் இல்லை.
“தண்ணியில ஒரு ருசியும் மாறேல்லைப் பிள்ளை”
என்று எனக்கு முன்னால்
ஒரு செம்பு குடித்துக் காட்டினார்.
இந்த அளவில் ஈயத்துக்கு
ருசி இல்லை என்பதைத்தான்
நானும் சொல்ல வந்திருந்தேன்.

போத்தல்கள் பஸ்ஸில் கண்டிக்குப் போயின.
பதினேழு நாள்.
நூறு கோடியில் முப்பத்தெட்டுப் பங்கு.
பத்துக்கு மேல் கூடாது.

வாளியில் சல்லி, மணல், கரி, மறுபடி மணல்.
முதல் தண்ணீர் மை போல் வந்தது.
“கிணத்துத் தண்ணியே வடிவாக் கிடந்தது”
விஜயரூபி சிரித்தாள்.
இரண்டாவது சாம்பல்.
ஐந்தாவதில் வாளியின் அடி தெரிந்தது,
அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டும் தெரிந்தது.
இன்னொரு பதினேழு நாள்.
நான்கு.

அற்புதநாதன் யோசித்தார்.
“அப்ப, ஈயம் எல்லாம் கரிக்குள்ள நிக்குது.”
கரியின் தோலில், என்றேன்.
“திருப்பி எடுக்கேலுமோ? கிலோ நல்ல விலை போகுது.”
பகிடி இல்லை. தராசுக்காரர் கேட்கிற கேள்வி.
அவருடைய சிட்டையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன்.
நாளுக்கு இருபது லீற்றர், இரண்டு வருடம்.
அரைக் கிராம்.
வீச்சுவலைக் குண்டு ஒன்றின் நுனிக்கும் காணாது.

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.
ஒரு நாளைக்கு முப்பது கிலோ ஈயம் தூக்குகிற கை.
“இந்தத் துளிக்கோ இவ்வளவு பாடு?”
படலையடியில் அபிசனா
பள்ளிக்கூடப் போத்தலை வாய் நிறையக் கவிழ்த்தாள்.
அவளுடைய இரத்தம் பார்க்கச் சொல்லி
அவர் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.
அது இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

மறுமுறை போனபோது
கொட்டில் பதினைந்து அடி பின்னால் போயிருந்தது.
காணாது, என்றேன்.
“பின்னால பக்கத்துக் காணி பிள்ளை.”

ஆறாம் மாதம் கரி நிரம்பிவிட்டது.
வாளியைப் பார்த்தால் தெரியாது,
அதே கறுப்பு.
புதைத்தால் மண்ணுக்கு, எரித்தால் மூச்சுக்கு,
கொட்டினால் மறுபடி கிணற்றுக்கு.
பெயின்ற் வாளி ஒன்றில் அடைத்து
என் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
மூடியில் திகதி, கிணற்று இலக்கம்.
குனிந்து பேனை எடுக்கும்போதெல்லாம்
முழங்கால் அதில் இடிக்கும்.